வால்வு காலத்து பி.எஸ்ஸி. பிசிக்ஸ்

நம் கல்லூரி மலர் எதைப் புரட்டினாலும் அப்துல் கலாம் படம் ஒன்று இருக்கும். 1950லிருந்து 1954 வரை இங்கே படித்தார், ஹாஸ்டலில் இருந்தார், பின்னாளில் ஜனாதிபதி ஆனார். இது நமக்கெல்லாம் மனப்பாடம். அதே காலத்தில் அதே பிசிக்ஸ் வகுப்பில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து படித்த ரங்கராஜனை மட்டும் சில சமயம் விட்டுவிடுகிறோம். சுஜாதா என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த எழுத்தாளர்தான் இந்த ரங்கராஜன்.

இருவரையும் சேர்த்து எழுத எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. நானும் இதே துறையில் பிசிக்ஸ் படித்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனவன். ஒவ்வொரு ரீயூனியனுக்கும் ஜூனியர் பையன்கள் யாராவது வந்து, "அண்ணே, பி.எஸ்ஸி. படிச்சா வேலை கிடைக்குமா, இஞ்சினியரிங்கே போயிருக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்த சரித்திரம் இதுதான்.

கல்லூரி 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883ல் திருச்சிக்கு வந்தது. திருச்சிக்கும் பௌதிகத்துக்கும் பழைய உறவு உண்டு. சர் சி.வி.ராமன் 1888ல் பிறந்தது, இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் திருவானைக்காவலில். 1939 மே மாதம் திருச்சி வானொலி நிலையம் வந்தது. ஆக, 1950ல் இங்கே வகுப்பில் உட்கார்ந்த பையனுக்கு ரேடியோ என்பது பக்கத்திலேயே இருந்த அதிசயம்.

ஆனால் அன்றைக்கு எலக்ட்ரானிக்ஸ் என்றால் வால்வுதான். கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிச் சிவக்கும் இழை, அதிலிருந்து வெற்றிடத்தில் பாயும் எலக்ட்ரான், நடுவே அதைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் டிரான்சிஸ்டரைச் செய்துகாட்டியது 1947 டிசம்பர். அது அன்றாடப் பொருளாக இன்னும் பல வருஷம் ஆனது. கலாம் டிகிரி முடித்த 1954ஆம் வருஷத்தைப் பாருங்கள். முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது அந்த வருஷம். சிலிக்கன் டிரான்சிஸ்டர் விற்பனைக்கு வந்ததும் அந்த வருஷம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிறந்ததும் அந்த வருஷமே. இவர்கள் பட்டம் வாங்கிய கையோடு, படித்த எலக்ட்ரானிக்ஸ் பழசாகிவிட்டது. மெட்டீரியல்ஸ் சயின்ஸுக்கோ பெயரே இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே அந்தப் பெயரில் துறைகள் வரத் தொடங்கியது 1950களின் கடைசியில்தான்.

பழசாகாதது அடியில் இருந்த பிசிக்ஸ். எலக்ட்ரான் வெற்றிடத்தில் ஓடினாலும் சிலிக்கன் படிகத்தில் ஓடினாலும், ஏன் ஓடுகிறது என்ற கேள்வி ஒன்றுதான்.

இருவரும் அடுத்துப் போனது குரோம்பேட்டை எம்.ஐ.டி. சி.ராஜம் என்ற தொழிலதிபர் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு 1949ல் தொடங்கிய இடம். அதன் விசேஷம் என்னவென்றால், பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று வருஷத்தில் இஞ்சினியர் ஆக்கினார்கள். ஏரோநாட்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் போன்ற, அப்போது பெரிய கல்லூரிகளிலேயே அபூர்வமான பாடங்கள். கலாம் விமானம் எடுத்தார், ரங்கராஜன் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தார். கலாம் சேருவதற்கு வேண்டிய ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

பிசிக்ஸ் தனக்கு ஏற்ற பாடமில்லை என்று கடைசி வருஷத்தில்தான் புரிந்தது, முன்பே இஞ்சினியரிங் போயிருக்க வேண்டும் என்று கலாமே தன் சரிதையில் சொல்லியிருக்கிறார். பெரியவர் சொன்னதை மறுக்கக் கூடாதுதான். ஆனாலும் அவர் பின்னால் செய்த வேலை வேறு மாதிரி சாட்சி சொல்கிறது என்பது என் அபிப்பிராயம். 1980 ஜூலை 18ல் ரோகிணியை ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி.-3ன் மேல் நிலைகளுக்கு எஃகு உறை கிடையாது. பிசினில் தோய்த்த இழைகளைச் சுற்றிச் செய்த உறை. அங்கே ஒவ்வொரு கிலோ குறைவதும் லாபம். 1989 மே 22ல் பறந்த அக்னியின் மூக்கு, காற்று மண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் தாங்க வேண்டும். அதற்கு கார்பன் இழைக் கலவை. அந்த மாதிரி லேசான பொருளில்தான், மூன்று கிலோ காலிப்பர் மாட்டி நடந்த போலியோ குழந்தைகளுக்கு ஹைதராபாத்தில் 300 கிராம் காலிப்பர் செய்துகொடுத்தார்கள். பொருளின் குணத்திலிருந்து தொடங்கி யோசிக்கும் இந்தப் பழக்கம், விமான வடிவமைப்புப் பாடத்தில் மட்டும் வந்திருக்குமா?

ரங்கராஜன் கதை வேறு. சிவில் ஏவியேஷனில் வேலை, பிறகு பாரத் எலக்ட்ரானிக்ஸ். அங்கே மின்னணு வாக்குப்பதிவு எந்திர வேலையில் முக்கியப் பங்கு. 1982ல் கேரளா பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் எந்திரத்தை முதலில் வைத்தார்கள். 1984ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. எந்திரத்தில் கோளாறு என்று அல்ல, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று! அந்த 50 சாவடிகளிலும் மறுபடி சீட்டுப் போட்டார்கள். சட்டம் திருந்த 1988 டிசம்பர் ஆயிற்று. 2001ல் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முழுக்க எந்திரத்தில். 2004ல் 543 தொகுதிகளிலும். கரண்ட் இல்லாத கிராமத்திலும் ஓட பேட்டரி, பக்கத்துச் சாதனத்தோடு பேசாத தனிக் கட்டை. எளிமையாக வைப்பதுதான் கஷ்டமான இஞ்சினியரிங் என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். எந்திரத்தைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த விவாதம் நடக்கட்டும். 2013லிருந்து சரிபார்ப்புச் சீட்டும் வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. சுஜாதா இங்கே படித்த நாளில் ராஜகோபுரம் மொட்டைக் கோபுரம்தான். 13 நிலையும் முடிந்தது 1987ல்.

மெட்டீரியல்ஸ் என்றதும் இன்னொன்று. திருச்சியைச் சுற்றிய ஊர்களில் செயற்கைக் கல் பட்டை தீட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்புக் கல்லும் நீலக் கல்லும் அலுமினியம் ஆக்சைடு. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902ல் வெளியிட்ட முறை: தூளை ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிகம் வளர்ப்பது. நிறம் சேர்க்காத அதே படிகத்தைத் தட்டையாக அறுத்து, அதன்மேல்தான் நீல எல்.இ.டி.யை வளர்க்கிறார்கள். அந்த விளக்குக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. நம்மூர்த் தொழிலாளி சாணையில் தேய்த்ததும் ஜப்பான் லேபில் வைத்ததும் ஒரே சரக்கு.

1964ல் துவாக்குடியில் ஆர்.இ.சி. வந்தது (2003லிருந்து என்.ஐ.டி.), 1965ல் திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை. அதன்பின் திருச்சிப் பையனுக்கு இஞ்சினியரிங் படிக்க ரயிலேற வேண்டியதில்லை. பி.எஸ்ஸி. முடித்து வருவோருக்கு எம்.ஐ.டி. திறந்துவைத்த அந்தப் பழைய வாசலும் பிற்காலத்தில் மூடிக்கொண்டது. ஆனாலும் பி.எஸ்ஸி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. பல பேருக்கு அது தெரிவதே இல்லை. ஜூனியர்கள் விசாரித்துப் பாருங்கள். எம்.எஸ்ஸி. முடித்து எம்.டெக். போனவர்கள் எங்கள் செட்டிலேயே உண்டு. சந்தேகம் இருந்தால் மதியம் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள், ஒண்ணாம் நம்பர் பஸ் கிளம்பும்வரை பேசலாம்.