அடைபட்ட ஊற்று

தன் வீட்டு வறுமை அயலான் கண்ணில் படக்கூடாது என்று நினைப்பது மனித சுபாவம். சர்க்கார்களுக்கும் அந்தச் சுபாவம் உண்டு. அதனால் விளையும் விபரீதத்தை அறிய வேண்டுமானால், துருக்கியில் 1963-ல் தயாரான ‘சுஸுஸ் யாஸ்’ என்ற படத்தின் கதியைப் பார்த்தால் போதும். ‘தண்ணீரில்லாக் கோடை’ என்று அதற்குப் பொருள்.

நெஜாதி ஜுமாலியின் கதையைப் படமாக்கியவர் மெதின் எர்க்ஸான். புகையிலை பயிரிடும் உஸ்மானின் நிலத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. கீழேயுள்ள வயல்களுக்கெல்லாம் அதுதான் பாய்ச்சல். கோடை வந்ததும் அவன் தண்ணீரை அடைத்துவிடுகிறான். தன் மண்ணில் ஊறுவது தனக்கே சொந்தம் என்பது அவன் கட்சி. தம்பி ஹசன் சொல்லியும் கேட்கவில்லை. தகராறு முற்றி, உஸ்மானின் துப்பாக்கிக்கு ஒருவன் பலியாகிறான். பழியைச் சுமந்து தம்பி சிறைக்குப் போகிறான். அவன் இறந்துவிட்டதாகப் பொய் சொல்லி, அவன் மனைவி பஹாரையும் அண்ணன் தனதாக்கிக்கொள்கிறான். கடைசியில் ஹசன் திரும்பி வருகிறான். அடைத்து வைத்த தண்ணீரிலேயே உஸ்மானின் உயிர் போகிறது.

இந்தப் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தணிக்கையாளர்கள் இணங்கவில்லை. தேசத்துக்கு இது பெருமை தராது என்ற எண்ணம். தயாரிப்பாளர் உல்வி தோகான் படச்சுருளைக் காரில் ஒளித்து எல்லை கடத்தினார் என்று சொல்வார்கள். 1964-ல் பெர்லின் விழாவில், ஆன்டனி மான் தலைமையில் அமர்ந்த நடுவர்கள் தங்கக் கரடிப் பரிசை இதற்கே கொடுத்தார்கள். அதே விழாவில் ‘மகாநகர்’ படத்துக்காக நம் சத்யஜித் ராய் சிறந்த டைரக்டர் பரிசு பெற்றார் என்றால், போட்டி எத்தகையது என்பது விளங்கும். மறைக்க வேண்டிய படம் ஒரே நாளில் தேசத்தின் கீர்த்தியாகிவிட்டது!

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்க ரசிகர்களுக்கென்று படத்தை வெட்டி ஒட்டி, நிர்வாணக் காட்சிகள் சேர்த்து, வேறு பெயரில் ஓட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று திரையில் வாதாடும் ஹசனாக நடித்தவர், அதே தயாரிப்பாளர் உல்வி தோகான்தான். எர்க்ஸானின் அசல் படமோ பல ஆண்டுகள் உலக ரசிகர்களுக்கு எட்டாமலே கிடந்தது.

2008-ல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை படத்தைச் செப்பனிட்டு மீட்டது. நான் பார்த்ததும் அந்தப் பிரதியைத்தான். அதில் எனக்கு வறுமை பெரிதாகத் தெரியவில்லை. புதுத் தம்பதியின் அறையைச் சுவர் இடுக்கு வழியே பார்க்கும் உஸ்மானின் கண்தான் தெரிந்தது. எரோல் தாஷ் என்ற நடிகரின் அந்தக் கண்ணில் இருப்பது வெறும் காமமல்ல. பார்த்ததெல்லாம் தனக்கே வேண்டுமென்ற பசி. அது துருக்கிக்கு மட்டுமா சொந்தம்? பெர்லினில் அமர்ந்திருந்தவர்களும் அந்தப் பசியை அறிந்தவர்கள்தான்.

தணிக்கையாளர்கள் கிராமத்தின் கிழிசலைப் பார்த்துக் கூசினார்கள். அமெரிக்க வியாபாரிகள் பஹாரின் உடம்பைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். முன்னவர்கள் மடையை அடைத்தார்கள். பின்னவர்கள் தண்ணீரைக் கலக்கினார்கள். துருக்கிக்கு அடுத்த தங்கக் கரடி கிடைக்க 2010 வரை, நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று. எர்க்ஸான் 2012-ல் காலமானார். தம் படம் மறுபடி தெளிந்து ஓடியதைப் பார்க்கும் பாக்கியமாவது அவருக்குக் கிடைத்தது.