காங்கேசன்துறை வீதியில் கோடு போட்டவர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டிலிருந்து மே மாதத்தின் முதல் சனிக்கிழமையில் காமிக்ஸ் கடைகள் பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கின்றன. வரைந்தவர்களே கடைக்கு வந்து மேசை போட்டு இருந்து கையெழுத்து வைத்துக் கொடுப்பார்கள். பிரான்சின் அங்குலேம் நகரில் 1974இல் தொடங்கிய சித்திரக்கதை விழாவுக்கு ஊரே திரண்டு வரும். இந்தப் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி, எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அது சரியல்ல. சொந்தமாக வரைந்து, சொந்தமாக அச்சடித்து, தானே கொண்டுபோய் விற்று, வாசகனோடு முகம் பார்த்துப் பேசிய மனிதர்கள் இங்கேயும் இருந்தார்கள். அவர்களில் பலரை ஒரே வீதியில் வைத்துச் சொல்லலாம். அதுதான் மருதனார்மடம் சந்தியால் நாங்கள் தினமும் போய்வரும் காங்கேசன்துறை வீதி.

வடக்கே இருந்து தொடங்குவோம். மருதனார்மடத்துக்கு அடுத்தது சுன்னாகம். இன்றைக்குச் சுன்னாகம் என்றால் சந்தையும் பஸ் நிலையமும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அது இலங்கைத் தமிழ் அச்சுத்தொழிலின் முக்கியமான ஊர்களில் ஒன்று. குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா அங்கே தனலக்குமி புத்தகசாலையையும் திருமகள் அச்சகத்தையும் நடத்தினார். 1930இல் 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். 1958 வரை அது வந்தது. மாணவருக்கும் இளம் எழுத்தாளருக்கும் அந்தப் பத்திரிகை இடம் கொடுத்தது. பாடப்புத்தகம் வாங்கப் போகிற ஊரில் பத்திரிகையும் அச்சாகிறது, எழுதுகிறவர்களும் வந்துபோகிறார்கள் என்றால், அந்தப் புத்தகசாலை வெறும் விற்பனை நிலையம் அல்ல. வாசிக்கிறவன் ஒருநாள் எழுதுகிறவனாக மாறுவதற்கு அங்கே வழி இருந்தது.

இனி யாழ்ப்பாண நகரத்துப் பக்கம் வருவோம். கரவெட்டியில் 1924இல் பிறந்த சி. சிவஞானசுந்தரம், எல்லோருக்கும் 'சுந்தர்'. பம்பாயில் படித்துவிட்டு வந்தவர். 'தினகரன்' பத்திரிகையில் அவர் வரைந்த 'சவாரித் தம்பர்' வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதராகிவிட்டார். மாட்டுவண்டிச் சவாரி எங்கள் குடாநாட்டின் விளையாட்டு. அந்தப் பெயரை வைத்தே ஒரு யாழ்ப்பாணத்து மனிதனை அவர் உருவாக்கினார். தம்பர் பேசியது புத்தகத் தமிழ் அல்ல, வேலிக்கரையில் நின்று நாங்கள் பேசுகிற தமிழ். அவரோடு சின்னக்குட்டி, மெயில்வாகனத்தார், மிஸிஸ் டாமோடிரன் என்று ஒரு குடும்பமே வந்தது. சாதித் திமிர், சீதன ஆசை, ஆங்கில மோகம், உத்தியோகப் பெருமை ஆகியவற்றை ஒரு சட்டத்துக்குள் நாலு கோட்டில் பிடித்துப் போட்டார். மேடையில் நின்று சொன்னால் கல்லெறி விழக்கூடிய விஷயங்கள் அவை. தம்பர் சொன்னபோது சனம் சிரித்தது. சிரித்த பிறகு யோசித்தது.

பெரிய பத்திரிகையில் பெயர் எடுத்த பிறகு சுந்தர் செய்ததுதான் எங்களுக்கு முக்கியம். 1960களில் கொழும்பில் 'சிரித்திரன்' என்ற சொந்தச் சஞ்சிகையைத் தொடங்கினார். பிறகு அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். சிரித்திரன் இருந்ததும் இதே காங்கேசன்துறை வீதியில்தான். வரைவது, ஆசிரியர் வேலை, அச்சு, விற்பனை எல்லாம் அவர் தலையில். ஏறத்தாழ முப்பது வருடம் அதைக் காப்பாற்றினார். இன்று 'சுயாதீனக் கலைஞர்' என்று பெரிதாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் அவர். தமிழில் ஒரு கேலிச்சித்திரக்காரர் தன் சொந்தச் சஞ்சிகையை இத்தனை காலம் கொண்டுபோனது அரிய காரியம்.

அதே வீதியில் இன்னொருவர். டொமினிக் ஜீவா. அவர் சித்திரக்காரர் அல்ல, எழுத்தாளர். சலூன் தொழிலாளியாக இருந்தவர். 1966 ஓகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கினார். அட்டையில் எழுத்தாளர்களின் முகங்களைப் போட்டார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தானே விற்றார். 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் ரொபர்ட் கிரம்ப் என்ற சித்திரக்காரர், தான் வரைந்த 'ஸப்' என்ற காமிக்ஸைக் குழந்தை வண்டிலில் அடுக்கித் தெருவில் தள்ளிக்கொண்டுபோய் விற்றார் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. அமெரிக்காவின் சுயாதீனக் காமிக்ஸ் வரலாறு அந்த வண்டிலிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். ஜீவா அதற்கு இரண்டு வருடம் முந்தியே தொடங்கிவிட்டார். குழந்தை வண்டில்தான் இல்லை.

இந்த இருவருக்கும் காலமும் ஓரளவு கைகொடுத்தது. 1970இல் வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியில் உள்ளூர்ச் சஞ்சிகைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் தமிழ்நாட்டு இதழ்கள் மறுபடியும் வந்து குவிந்தன.

வந்தவற்றில் பிள்ளைகளின் மனதை அள்ளியது சிவகாசியின் முத்து காமிக்ஸ். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984இல் அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவியைத் தெரியாத ஐம்பது வயதுக்காரர் எங்களுக்குள் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாயாவி 1962இல் பிரித்தானியாவின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். அவரை வரைந்தவர் ஜேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். இது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாயாவியைத் தெரியும், வரைந்த கையைத் தெரியாது. தம்பரின் கதை வேறு. தம்பரைத் தெரிந்த எல்லோருக்கும் சுந்தரைத் தெரியும். வேண்டுமானால் சிரித்திரன் வாசலுக்கே போய்ப் பார்க்கலாம்.

அந்த வித்தியாசம் சின்னது அல்ல. வரைகிறவரைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு 'நானும் வரையலாம்' என்ற எண்ணம் வரும். கப்பலில் வந்த படத்தை மட்டும் பார்த்த பிள்ளை நல்ல வாசகனாக வருவான், அவ்வளவுதான். சித்திரக்கதை ஒரு ஊரில் வேர்விடுவதற்குத் திறமையோடு ஒரு இடமும் வேண்டும். வரைகிறவரும் வாசிக்கிறவரும் சந்திக்கிற ஒரு கடை, ஒரு மேசை.

அந்த இடங்களைத்தான் நாங்கள் இழந்தோம்.

1981 மே 31 இரவும் அதையடுத்த நாட்களும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்ததை எல்லோரும் சொல்வோம். அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டதைக் குறைவாகத்தான் சொல்கிறோம். நூலகம் வாசிக்கிற இடம், பத்திரிகை எழுதுகிற இடம், புத்தகசாலை இரண்டு பேரும் சந்திக்கிற இடம். மூன்றும் ஒன்றாகப் போயின.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகத்தெரு வெறுமையானது. வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சொந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகளையும் பழைய சிரித்திரன் கட்டுகளையும் எடுத்துப் போக யாருக்கு நேரம் இருந்தது? சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இரண்டு வெளியேற்றமும் ஒரே திகதியில். காரணமும் முறையும் வேறு, வலியை அளந்து பார்க்க நாங்கள் வரவில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அனுபவம் இரண்டு சமூகத்துக்கும் உண்டு என்பதை மட்டும் சொல்கிறோம்.

நடுவில் பொருளாதாரத் தடைக்காலம். கடதாசி இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சான யாழ்ப்பாணம் அது. ஜீவா கொழும்புக்குப் போனார். சிரித்திரன் நின்றது. 1996இல் சுந்தர் காலமானார்.

கேலிச்சித்திரம் வரைந்தவர்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த பரிசையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜிஃப்ரி யூனூஸ் எங்கள் சமூகத்தவர். கம்யூனிஸ்ட் கட்சியின் சிங்களப் பத்திரிகையான 'அத்த'வில் வரைந்து நாடு முழுக்க அறியப்பட்டவர். ஆட்சியாளரைக் கேலி செய்ததற்காக 1992இல் தாக்கப்பட்டார். கேலிச்சித்திரங்கள் வரைந்த ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமல் ஆக்கப்பட்டார். எங்கள் தலைமுறைக்கு வரைந்த அஸ்வின் சுதர்சன், புலம்பெயரும் வழியில் 2016இல் உக்ரைனில் மரணமானார். கோடு லேசானதுதான். அதற்குக் கொடுத்த விலை லேசானதல்ல.

எங்கள் பெற்றோர் சிலர், 'உருவம் வரைவது மார்க்கத்துக்கு ஆகுமா?' என்று கேட்பதுண்டு. இதில் உலமாக்களிடையே பல கருத்துகள் உண்டு, அதற்குத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. ஒரு வரலாற்று உண்மையை மட்டும் முன்வைக்கிறோம். பலஸ்தீன அகதி நாஜி அல் அலி 1969இல் ஒரு குவைத் பத்திரிகையில் 'ஹன்தலா' என்ற பத்து வயதுச் சிறுவனை வரைந்தார். வெறுங்கால், ஒட்டுப்போட்ட உடுப்பு, கைகளைப் பின்னால் கட்டி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். முகம் தெரியாது. ஊருக்குத் திரும்பும் நாளில்தான் வளருவான் என்று நாஜி சொல்லிவைத்தார். 1987இல் லண்டனில் அவர் சுடப்பட்டு இறந்தார். முகமே தெரியாத அந்தப் பையன் இன்றும் ஒரு மக்களின் அடையாளமாகச் சுவர்களில் நிற்கிறான். ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ரபி தன் பிள்ளைப் பருவத்தைக் கறுப்பு வெள்ளையில் வரைந்த 'பெர்சிபொலிஸ்' கோவை விடியல் பதிப்பகத்தால் தமிழிலும் வந்திருக்கிறது.

எங்கள் கதையை யார் வரைந்தார்கள்? 2019இல் 'வன்னி' என்ற சித்திர நாவல் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சே பொலொக். இருவரும் வெளிநாட்டவர், நூல் ஆங்கிலத்தில் வந்தது. இறுதிப் போரின் சாட்சியாக அதை மதிக்கிறோம். மட்டக்களப்பின் மீன்மகளைப் பற்றிச் சரண்யா மணிவண்ணன் 2021இல் வெளியிட்ட சித்திர நாவலும் ஆங்கிலத்தில்தான். இங்கேயே இருந்து செய்தவர் யாழ். பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன். 2011இல் வெளியான அவரது 'முழுமையற்ற தோம்பு' என்ற நூலுக்காக, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தார்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, வேம்பு எங்கே என்று. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. உறுதி தொலைந்தவர்களுக்குக் கோடே உறுதியாயிற்று.

1990இல் வெளியேறிய எங்கள் உம்மாமாரும் வாப்பாமாரும் வயது போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த வீட்டின் முற்றம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுதினால் எட்டுப் பக்கம் வாசிக்காத பிள்ளையும் வரைந்தால் பார்ப்பான். தமிழ் அயலவரின் 1995ஆம் ஆண்டுக் கதைக்கும் இதுவே பொருந்தும். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் வரைந்த ஒரு புத்தகத்தை எங்கள் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

அதற்கான வசதி எங்கும் தூரத்தில் இல்லை. மருதனார்மடத்தில் 1913இல் சேர். பொன். இராமநாதன் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. 1960இல் சங்கீதத்துக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக்கழகம் இருக்கிறது. இசையும் நடனமும் படித்த தலைமுறைகள் அந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கின்றன. இல்லாமல் இருப்பது ஒரு மேசைதான். எங்கள் புத்தகக்கடைகளின் முன்தட்டை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வினாத்தாள்களும் கடந்தகால வினாவிடைகளும் நிரப்பியிருக்கின்றன. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் கேட்பதைத்தான் அவர் வைத்திருக்கிறார். ஆகவே கேட்பதை மாற்றுவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு மேசை, இரண்டு கதிரை. வரைகிற ஒருவர் வந்து இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குச் செலவும் இல்லை. ஒரு ஏ4 தாளை மூன்று தரம் மடித்து, விரித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி மடக்கினால் அட்டையோடு எட்டுப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் போட்டோப்பிரதி எடுத்தால் போதும். பழைய சிரித்திரன் இதழ்களைப் பார்க்க விரும்புபவர்கள் 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்துக்குப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள். முதலில் தம்பரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிரித்து முடிய, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்து, 'உங்கட உம்மம்மா வீட்டை வரையுங்கோ' என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவரிடமே போய்க் கேட்டு வரட்டும்.