வழி சொல்பவர்களுக்கு ஒரு வகுப்பு

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனப் பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் பள்ளி ஆசிரியர்களையும் தொழில் வழிகாட்டி ஆலோசகர்களையும் அழைத்து மாநாடு நடத்துகின்றன. எந்தப் பட்டப்படிப்பு புதிதாக வந்திருக்கிறது, சேர்க்கை விதி எப்படி மாறியிருக்கிறது, எந்தத் துறையில் ஆள் தேவைப்படுகிறது என்று நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரிந்துகொண்டு ஆசிரியர்கள் ஊர் திரும்புவார்கள். இந்த ஏற்பாடு பல்கலைக்கழகத்தில் பிறந்ததல்ல. பல்கலைக்கழகப் படியை மிதிக்க வாய்ப்பே இல்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்தது.

இடம், அமெரிக்காவின் பாஸ்டன். கப்பலில் வந்திறங்கிய இத்தாலியர்களும் யூதர்களும் நெருக்கியடித்துக் குடியிருந்த நார்த் எண்ட் பகுதி. அங்கே பிள்ளைகள் பதினான்கு வயதானதும் பள்ளியை விட்டுவிடுவார்கள். மாசசூசெட்ஸ் மாநில அரசு அமைத்த ஆணையம் 1906இல் கொடுத்த அறிக்கை, பதினான்கு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட 25,000 பிள்ளைகள் பள்ளியில் இல்லை என்றது. பலர் கிடைத்த எடுபிடி வேலையில் ஒட்டிக்கொண்டு, அது போனால் இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். கைத்தொழில் எதுவும் படியவில்லை.

அந்தப் பகுதியில் குடியேறிகளுக்காக நடந்த ‘சிவிக் சர்வீஸ் ஹவுஸ்’ என்ற சேவை இல்லத்துக்குப் பாடம் நடத்த வந்தவர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1854இல் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். சேர்ந்த ரயில்வே நிறுவனம் திவாலானது. இரும்பாலையில் கூலி வேலை பார்த்தார், பள்ளியில் வாத்தியாராக இருந்தார், பிறகு வக்கீல் தேர்வு எழுதினார், உடம்பு கெட்டுப்போய் நியூ மெக்சிகோவில் சில காலம் கிடந்தார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார், மேயர் தேர்தலில் நின்று தோற்றார். எந்த வேலை தனக்கு என்று தெரியாமல் இப்படி அலைந்த மனிதர்தான் அடுத்தவர் பிள்ளைக்கு வழி சொல்ல உட்கார்ந்தார். அந்த அலைச்சல் இல்லாவிட்டால் இந்த யோசனை அவருக்குத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

1908 ஜனவரியில் பார்சன்ஸ் ‘வொகேஷன் பீரோ’ என்ற தொழில் வழிகாட்டு நிலையத்தைத் திறந்தார். பார்சன்ஸின் முறையில் மூன்று படிகள். தன்னை அறிவது, தொழிலை அறிவது, இரண்டையும் சேர்த்துவைத்து யோசிப்பது. வருகிறவர் நீண்ட கேள்வித்தாளுக்கு விடை எழுத வேண்டும். எதிரே உட்கார்ந்து பார்சன்ஸ் பேச்சை, பார்வையை, கைகுலுக்கலைக் கவனிப்பார். மருத்துவராக வேண்டும் என்று வந்த பத்தொன்பது வயது பையன் ஒருவனைப் பற்றி அவரே எழுதிவைத்திருக்கிறார். கன்னம் ஒட்டிய, மெலிந்த பையன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. கைகுலுக்கலில் உயிரே இல்லை. நோயாளி நம்பி வருவானா என்று அவனையே யோசிக்கவைத்து, திறந்தவெளியில் செய்யும் வேலைகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அக்கறையோடு சொன்ன யோசனைதான். ஆனாலும் ஒருவர் பார்வையை மட்டும் நம்பி நிற்பதில் ஆபத்து இருக்கிறது. தலையின் அமைப்பைப் பார்த்தே குணத்தைக் கணிக்கலாம் என்ற அக்கால நம்பிக்கை பார்சன்ஸிடமும் இருந்தது. தனிமனிதர் ஒருவரால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொல்லவும் முடியாது. அது அவருக்கே தெரிந்திருந்தது. அந்த ஆண்டு மே மாதம் கொடுத்த அறிக்கையில், இந்த வேலை பள்ளிக்கூடத்தின் அங்கமாக வேண்டும், பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்டார். செப்டம்பரில் இறந்துபோனார். நிலையம் திறந்து ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. அவருடைய ‘சூஸிங் எ வொகேஷன்’ நூல் 1909இல்தான் அச்சானது.

வேலையை எடுத்து நடத்தியவர் மெயர் ப்ளூம்ஃபீல்ட் என்பவர். ருமேனியாவிலிருந்து சிறுவனாக வந்து, ஹார்வர்டில் படித்து, சேவை இல்லத்தை நடத்திக்கொண்டிருந்தவர். பாஸ்டன் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஸ்ட்ராட்டன் புரூக்ஸ் ஒத்துழைத்தார். பள்ளிதோறும் தலைமை ஆசிரியர்கள் ஆள் நியமிக்க, நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் தொழில் ஆலோசகர்கள் ஆனார்கள். வழக்கமான பாடவேளை குறையவில்லை. அதற்கு மேல் இது.

அவர்களுக்கு ஒரு சங்கடம். பிள்ளையை அவர்களுக்குத் தெரியும். வகுப்பில் யார் கணக்கில் கெட்டி, யாருக்குக் கைவேலை வரும், யார் வீட்டில் அப்பா இல்லை, எல்லாம் தெரியும். தொழில் தெரியாது. கரும்பலகை முன்னாலேயே வாழ்ந்தவர்களுக்குச் செருப்புத் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே ப்ளூம்ஃபீல்ட் ஆசிரியர்களைக் கூட்டினார். அங்கே தொழிலை அறிந்தவர்கள் வந்து பேசினார்கள். ஒரு கூட்டத்தில் காலணித் தொழில், இன்னொன்றில் பெரிய பல்பொருள் அங்காடிகளில் வேலைக்குப் போகும் பிள்ளைகள், மற்றொன்றில் இயந்திரப் பட்டறை. சம்பளம் எவ்வளவில் தொடங்குகிறது, ஐந்து வருடம் கழித்து எங்கே நிற்பான், உடம்புக்கு என்ன கேடு, மேலே ஏற வழி உண்டா என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நிலையம் ஆள் வைத்து விசாரித்து ரொட்டி சுடுபவர், இயந்திரக் கம்மியர், மளிகைக்காரர், கட்டடக் கலைஞர் என்று தொழிலுக்கொரு சிறுநூலும் போட்டது. இன்றைய மாநாட்டின் வித்து இந்தக் கூட்டங்களில்தான் இருக்கிறது. அங்கே ஆசிரியர் மாணவராக உட்கார்ந்தார்.

அடுத்த அடி பெரிது. 1910 நவம்பரில் பாஸ்டன் வர்த்தக சபையும் வொகேஷன் பீரோவும் சேர்ந்து தொழில் வழிகாட்டலுக்கான முதல் தேசிய மாநாட்டைக் கூட்டின. முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மறு ஆண்டு கோடையில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ப்ளூம்ஃபீல்டை அழைத்து இந்தப் பொருளில் வகுப்பு நடத்தவைத்தது. பல்கலைக்கழக அளவில் இதற்கென்று நடந்த முதல் வகுப்பு அதுதான். பல்கலைக்கழகம் உள்ளே வந்தது அப்போதுதான்.

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கமும் அதே கவலை இருந்தது. மரியா ஓகில்வி கோர்டன் என்ற ஸ்காட்லாந்து நிலவியல் அறிஞர், பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்காக 1908இல் தொழில் கையேடு ஒன்றை வெளியிட்டார். 1910இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேலை பற்றி யோசனை சொல்லும் அதிகாரத்தை உள்ளூர்க் கல்வி அமைப்புகளுக்கு அளித்தது.

1913இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் கூடியவர்கள் தேசியத் தொழில் வழிகாட்டல் சங்கத்தை அமைத்தார்கள். அந்த ஊரைத் தேர்ந்தது பொருத்தம். அங்கே உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த ஜெஸ்ஸி டேவிஸ், 1907 முதலே வாரம் ஒரு கட்டுரை வகுப்பைத் தொழில் பற்றிய சிந்தனைக்கு ஒதுக்கச் செய்திருந்தார். ஆசிரியரே கிளப்பிய முயற்சி அது. அந்தச் சங்கம் பெயர் மாறி இன்றும் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. பாஸ்டன் நிலையம் 1917இல் ஹார்வர்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. பிறகு ஜான் புரூவர் அதற்குப் பொறுப்பேற்றார்.

பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்ததால் இந்தத் துறைக்குப் பாடத்திட்டமும் ஆய்வும் கிடைத்தன. தலையமைப்பு பார்த்துக் குணம் சொல்லும் பழக்கம் நிற்காமல் போயிருந்தால் இதை யாரும் தொழிலாக மதித்திருக்க மாட்டார்கள். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. வர்த்தக சபையும் வொகேஷன் பீரோவும் மாநாட்டைக் கூட்டியபோது நிரப்ப வேண்டிய வகுப்பிடம் எதுவும் அவற்றிடம் இல்லை. பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. தன் இடங்களுக்கு ஆள் தேடும் நிறுவனமே வழிகாட்டிகளுக்குப் பாடம் சொல்கிறபோது, பட்டப்படிப்பைத் தவிர வேறு வழியும் உண்டு என்ற பேச்சு நிகழ்ச்சி நிரலில் கடைசி அரைமணிக்கு ஒதுங்கிவிடலாம். நல்ல மாநாடுகள் இதை உணர்ந்து, தொழிற்பழகுநர் பயிற்சி தருபவர்களையும் பட்டறை நடத்துபவர்களையும் காலை அமர்விலேயே பேசவைக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகம் அழைத்தாலும் நிரலில் நான் முதலில் தேடுவது அந்த அமர்வைத்தான்.