`வயிறு வலிக்குதும்மா...' அடிக்கடி லீவு கேட்கும் குட்டீஸ். பெற்றோர் கவனிக்க வேண்டியவை!

காலை 8.20. தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்குது. அம்மா ஒரு கையில் லஞ்ச் பேக், இன்னொரு கையில் ஒத்தை ஷூவோடு ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துதான் யு.கே.ஜி வாண்டு, ``அம்மா, வயிறு வலிக்குது... இன்னைக்கு மட்டும் லீவு'' என்று ஆரம்பிக்கும். `சின்னப் பிள்ளைதானே, ஒரு நாள் போகலைன்னா என்ன ஆகிடப்போகுது' என்று நாமும் விட்டுவிடுவோம். ஆனால், அந்த `ஒரு நாள்' தனியாக வருவதில்லை.

மாசம் ரெண்டு நாள்தானே?

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள்கள் பள்ளி நடக்க வேண்டும். இதில் 10 சதவிகிதம், அதாவது 20 நாள்கள் வராமல் இருந்தாலே அதைத் தொடர் விடுப்பு என்று பல நாடுகளில் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மாசத்துக்கு 2 நாள் லீவு போட்டால் போதும், இந்தக் கணக்கு வந்துவிடும்.

சின்ன வகுப்பில் பாடம் படிக்கட்டு மாதிரி. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு சொல்லிக்கொடுத்த ரெண்டு நாளும் குழந்தை வரவில்லை என்றால், அடுத்த வாரம் `கெ', `கே' வரும் எல்லா வார்த்தைகளிலும் தடுமாறும். மற்ற பிள்ளைகள் சத்தமாகப் படிக்கும்போது தனக்கு மட்டும் தெரியவில்லையே என்ற கூச்சம் வரும். அந்தக் கூச்சமே மறுநாள் வயிற்றுவலியாகத் திரும்பி வரும்.

தாமதமும் அப்படித்தான். தினமும் 15 நிமிடம் லேட் என்றால், 200 நாளில் 50 மணி நேரம். ஒரு நாளைக்கு 5 மணி நேர வகுப்பு என்று வைத்தாலும் 10 நாள் பள்ளியே காலி. தவிர, எல்லாரும் உட்கார்ந்த பிறகு உள்ளே நுழையும் குழந்தையை மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அது பெரியவர்களுக்கே சங்கடம்!

நம்ம கணக்கே தப்பு!

`என் பிள்ளை அவ்ளோல்லாம் லீவு போடலையே' என்கிறீர்களா? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடத்தப்பட்டு, 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோர்கள் பலர் தங்கள் குழந்தையின் விடுப்பைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. `உங்கள் குழந்தை இத்தனை நாள் வரவில்லை' என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்பியதுமே விடுப்பு குறைந்திருக்கிறது. நமக்குக் கடிதம் வரக் காத்திருக்க வேண்டாம். வீட்டு நாள்காட்டியில் லீவு போட்ட நாளை சிவப்பு பேனாவால் வட்டம் போடுங்கள். மாசக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

காலைப் பரபரப்புக்கு மருந்து, முந்தின இரவு

6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். 3 முதல் 5 வயதென்றால், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். காலை 6.30-க்கு எழ வேண்டிய குழந்தை இரவு 9 மணிக்குள் தூங்கினால்தான் சரிவரும். 8 மணிக்கே டிவி, மொபைலுக்கு டாட்டா சொல்லுங்கள். நம்ம கையில் போன் இருந்தால் அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்!

பை, யூனிஃபார்ம், சாக்ஸ், ஐ.டி கார்டு எல்லாம் இரவே ஒரே இடத்தில் இருக்கட்டும். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, ஷூ போடுவது என வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினால், `சீக்கிரம்... சீக்கிரம்' என்று 20 தடவை கத்தும் வேலை மிச்சம்.

முக்கியமாக, கக்கூஸ் போவதற்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள். அவசரத்தில் அடக்கிக்கொண்டு கிளம்பும் குழந்தைக்கு மலச்சிக்கல் வரும். வயிற்றுவலிக்கு அதுவும் ஒரு காரணம்.

காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்ததில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல் தொடங்கிய மதிய உணவு, காமராஜர், எம்.ஜி.ஆர் காலங்களில் மாநிலம் முழுக்க விரிந்தது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. வகுப்பு தொடங்கும் முன்பே உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ கிடைப்பதால், நேரத்துக்குப் போக அதுவே ஒரு காரணம்.

நடிப்பா, நிஜமா?

திங்கள் காலை மட்டும் வரும் வலி, சனிக்கிழமை காணாமல் போகிறதா? உடனே `நடிக்கிறான்' என்று முடிவுகட்ட வேண்டாம். பயமும் பதற்றமும் குழந்தைக்கு நிஜமாகவே வயிற்றுவலியைக் கொடுக்கும். முதலில் டாக்டரிடம் காட்டி உடம்பில் பிரச்னை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு நிதானமாகப் பேசுங்கள்.

`ஏன் போகமாட்டேங்கிற?' என்று கேட்டால் பதில் வராது. `இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?', `பாத்ரூம் போனியா?', `வேன்ல யார் பக்கத்துல உக்காருவாங்க?' என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். கழிப்பறை நாற்றம், வேனில் கிள்ளும் பெரிய பையன், எல்லார் முன்னாலும் திட்டு என்று காரணம் மெள்ள வெளியே வரும்.

லேட்டாக வந்ததற்காக முட்டி போடவைத்தாலோ, அவமானப்படுத்தினாலோ ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் பேசுங்கள். உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடைசெய்கிறது. அஞ்சு வயசுப் பிள்ளை தானாக வண்டி ஓட்டி வருவதில்லையே! தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தாலே குழந்தை நடுங்கினால், தொடுதல் பற்றி ஏதாவது சொன்னால், தயங்காமல் 1098-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் அட்டெண்டன்ஸைவிட குழந்தைதான் முக்கியம்.

எப்போது லீவு கட்டாயம்?

காய்ச்சல் இருந்தால் அனுப்பக் கூடாது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும் வீட்டில்தான். அம்மை என்றால், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை ஓய்வு. காய்ச்சல் இல்லாத லேசான சளிக்கு, குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் அனுப்பலாம்.

பரிசு கொடுக்கலாமா?

`100 சதவிகித வருகை' சான்றிதழுக்காகக் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் வீடுகள் உண்டு. வேண்டாமே! கலிஃபோர்னியாவில் 6 முதல் 12-ம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வில், ஏற்கெனவே ஒழுங்காக வந்ததற்காக விருது கொடுத்த பிறகு, அவர்களின் வருகை சற்றுக் குறைந்ததுதான் மிச்சம். குட்டிப் பிள்ளைகளுக்கு, `இன்னைக்கு நீயே ஷூ போட்டுக்கிட்ட, சூப்பர்' என்ற ஒரு வார்த்தை போதும்.

கேட் வாசலில்...

அழும் குழந்தையை விட்டுவிட்டுத் தெரியாமல் நழுவாதீர்கள். மறுநாள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். `சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் பாட்டி வந்துடுவாங்க' என்று சொல்லி, ஒரு முத்தம், ஒரு டாட்டா. அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது அதைவிட முக்கியம்.

கடைசியாக ஒன்று. கல்யாணம், ஊர்த் திருவிழா என்று லீவு போட்டுவிட்டு, `மிஸ் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு' என்று சொல்லிக்கொடுக்கிறோமே... `வயிறு வலிக்குது'ங்கிற பாடத்தை குழந்தை அங்கேதான் கத்துக்குது. ஊருக்குப் போவதை உண்மையாகவே சொல்லி லீவு கேளுங்கள். நாளைக் காலை குழந்தை நிஜமாகவே வலி என்று சொல்லும்போது, நீங்கள் நம்புவதற்கும் அதுதான் வழி.