சிலந்தியின் மேல் விழுந்த பழி

சென்ற ஆண்டு என் விடுதி அறைத்தோழருக்கு இடுப்பின் ஒரு பக்கத்தில் கொப்புளங்கள் வரிசையாக எழும்பின. "மக்டி மூத் கயீ", அதாவது சிலந்தி சிறுநீர் கழித்துவிட்டது என்றார். வட இந்தியாவில் பலரும் சொல்லும் விளக்கம் இது. மூன்று நாள் வீட்டு மருந்து பூசினார். நான்காம் நாள் மருத்துவர் அதனை அக்கி என்றார். சின்னம்மை வைரஸ் உடலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதால் வருவது அக்கி. அதற்குரிய மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது.

இந்நம்பிக்கையின் வேரைத் தேடியபோது சுசுருத சம்ஹிதைக்கு வந்து சேர்ந்தேன். அதன் கல்பஸ்தானம் 'லூதா' எனப்படும் சிலந்திகளைப் பதினாறு வகையாகப் பிரித்து, அவற்றுள் எட்டின் நஞ்சுக்கு மருந்தே இல்லை என்கிறது. பல் மட்டுமன்றி எச்சில், நகம், சிறுநீர் ஆகியவற்றிலும் நஞ்சு உண்டென்கிறது. வடமொழியில் லூதா என்பது சிலந்தியையும் ஒருவகைத் தோல்நோயையும் குறிக்கும். தமிழிலும் 'சிலந்தி' என்பதற்கு நச்சுக்கட்டி என்னும் பொருள் உண்டு. காரணம் புலப்படாத நோய்க்குச் சுவரில் கண்ட உயிரின் பெயரையே சூட்டிவிட்டனர்.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. தென் இத்தாலியின் தாரந்தோ நகரம் 'தரந்துலா' சிலந்திக்குப் பெயர் தந்தது. அது கடித்தவர் இசைக்கு ஆடினாலன்றிப் பிழையார் எனப் பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. உண்மையில் அச்சிலந்தியின் கடி மனிதருக்குப் பெருங்கேடு செய்வதில்லை. 1959இல் அப்பகுதியில் களஆய்வு செய்த எர்னெஸ்தோ தெ மார்த்தீனோ, ஆடியவருள் பெரும்பாலோர் ஏழை உழவர்குடிப் பெண்கள் என்பதையும், அவர்களின் வாழ்க்கைத் துயரே அந்த ஆட்டத்தில் வெளிப்பட்டது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

சிலந்தியச்சம் பிறவியிலேயே அமைந்தது என்போர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் பிரித்தானிய உளவியலாளர் கிரகாம் டேவி 1994இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். இடைக்கால ஐரோப்பியர் சிலந்தி தொட்ட நீரும் உணவும் நஞ்சாகும் என நம்பினர்; நோயோடு பிணைந்த அந்த அருவருப்பே அச்சமாகத் தொடர்கிறது என்பது அவர் வாதம். அக்காலத்தின் பெருங்கொடிய நோயான பிளேகைப் பரப்பியது எலித்தெள்ளு. அதனைப் பால்-லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898இல்தான்.

அச்சம் ஒன்றே நம் மரபு அன்று. நூற்பை வெளியிட்டு மீண்டும் உள்ளிழுக்கும் சிலந்தியை, உலகைத் தோற்றுவித்து ஒடுக்கும் பரம்பொருளுக்கு உவமை ஆக்கியது முண்டக உபநிடதம். சீகாளத்தித் தலபுராணத்திலோ சிலந்தியே சிவனடியார். மருத்துவ நூலில் நஞ்சாகவும் ஞானநூலில் மெய்ப்பொருளின் உவமையாகவும் இருந்த ஓர் உயிரை நாம் இன்று நஞ்சாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

இதுவரை அறியப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேல். மனிதருக்குத் தீங்கு தரக்கூடியவை மிகச் சிலவே. அறைத்தோழரின் கொப்புளங்கள் ஆறிவிட்டன; வலி பல மாதங்கள் நீடித்தது. இப்படிக் கொப்புளம் கண்டால் சிலந்தியைத் தேடாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் வழங்குகிறது என்பதையும் எழுதுங்கள், தொகுத்துவருகிறேன்.