நானோ மேற்பரப்புகளில் எலும்புச் செல்களின் ஒட்டுதல்

உடலில் பொருத்தப்படும் டைட்டானியத் தண்டு, செயற்கை மூட்டு போன்றவற்றை எலும்பு ஏற்பது, அவற்றின் மேற்பரப்பை எலும்பாக்கச் செல்கள் எவ்வளவு உறுதியாகப் பற்றுகின்றன என்பதைப் பெரிதும் சார்ந்தது. செல் உலோகத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை. இரத்தம் பட்ட நொடிகளிலேயே ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் முதலிய புரதங்கள் உலோகத்தின்மேல் படிகின்றன. செல் சவ்விலுள்ள இன்டெக்ரின்கள் பிடிப்பது அந்தப் படலத்தைத்தான். இன்டெக்ரினின் தலைப்பகுதி ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமே உள்ளது. பிடிப்பிடங்களுக்கு இடையே 70 நானோமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் இன்டெக்ரின்கள் ஒன்றுதிரள்வது தடைபட்டு, ஒட்டுப்புள்ளிகள் நிலைப்பதில்லை.

சொரசொரப்பு கூடக்கூடப் பிடிப்பும் கூடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. 2007இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள், டைட்டானியம் டைஆக்சைடு நானோகுழாய்களின் விட்டம் 15 நானோமீட்டராக இருந்தபோது எலும்பு மச்சைக் குருத்தணுக்கள் செழித்ததையும், 100 நானோமீட்டரில் பெருமளவு மடிந்ததையும் காட்டினர். இத்துறையில் மிகவும் சிந்திக்க வைக்கும் முடிவு இதுவே.

எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கோவையைக் கொண்ட கொங்கு வட்டாரத்தில் எலும்போடு இணையும் பொருள்கள் பற்றிய ஆய்வு வேரூன்றியுள்ளது. திருச்செங்கோடு கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி உயிர்வினைக் கண்ணாடி நானோதுகள்களை ஆராய்ந்துள்ளது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் டைட்டானியத்தின்மீதும் துருப்பிடிக்கா எஃகின்மீதும் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சை மின்முறையில் படியவைக்கின்றனர். எலும்பின் கனிமத்தை ஒத்த இப்பூச்சில் ஸ்ட்ரான்சியம் சேர்ப்பது எலும்பு வளர்ச்சியைத் தூண்ட. துத்தநாகம் சேர்ப்பது கிருமிகளைத் தடுக்க. ஆய்வகத் தட்டில் கிடைக்கும் ஒட்டுதல், அன்றாடம் சுமை தாங்கும் தொடையெலும்பிலும் கிடைக்குமா என்பதை விலங்குச் சோதனைகளும் நெடுங்கால மருத்துவக் கண்காணிப்புமே காட்டும்.