சிவப்பு வாளியின் அடி ஏன் உருண்டை?

பஞ்சாலைகளிலும் ஜின்னிங் பேக்டரிகளிலும் சுவரோரம் வரிசையாகத் தொங்கும் சிவப்பு வாளிகளைக் கோவைக்காரர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சிலவற்றில் மணல், சிலவற்றில் தண்ணீர். ஆனால் அந்த வாளியின் அடிப்பாகம் ஏன் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா?

காரணம் எளிது. தட்டை வாளியாக இருந்தால் யாராவது எடுத்துப்போய்த் தரை கழுவுவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். உருண்டை வாளியைக் கீழே வைத்தால் சாய்ந்துவிடும். கொக்கியில் மாட்டத்தான் ஆகும். வேறு எந்த வேலைக்கும் உதவாது. பூட்டு இல்லை, சாவி இல்லை, காவல் இல்லை. ஆனாலும் வாளி இருந்த இடத்திலேயே இருக்கும். இதைக் கண்டுபிடித்தவர் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கோவைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு பஞ்சினால் வந்தது. 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் இங்கே முதல் பெரிய பஞ்சாலை. ஊரில் அதை ஸ்டேன்ஸ் மில் என்பார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு அவினாசி சாலை, பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. பஞ்சோடு சேர்ந்து பயமும் வந்தது. பேலைக் கட்டிய இரும்புப் பட்டியில் ஒரு துண்டு பஞ்சோடு புளோ ரூமுக்குள் போய்விட்டால் போதும். சுழலும் இயந்திரத்தில் அது மோதி ஒரு பொறி கிளம்பும். உத்தரத்திலும் குழாய்களிலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியில் அந்தப் பொறி ஓடும் வேகம் கண்ணால் தொடர முடியாதது. இரும்புத் துண்டை முன்கூட்டியே பிடிக்கத்தான் பஞ்சு போகும் பாதையில் காந்தம் வைக்கிறார்கள். தூசியை அடிக்கடி துடைத்து எடுப்பதும் சுத்தத்துக்காக மட்டுமல்ல.

பேலில் பிடித்த தீ வேறு ரகம். வெளியே அணைந்தது போல் இருக்கும். இறுக்கிக் கட்டிய பஞ்சின் உள்ளே மணிக்கணக்கில், ஏன், நாள் கணக்கில்கூடக் கனன்றுகொண்டிருக்கும். அதனால் அந்தப் பேலை வெளியே இழுத்துப் போட்டு, பிரித்து நனைத்து, காவல் இருக்க வேண்டும்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை பம்பாயில் நடந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டிகைன்' கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதே கப்பலில் ஆயிரக்கணக்கான பஞ்சு பேல்களும் இருந்தன. பஞ்சில் கனன்ற தீ வெடிபொருளுக்குப் போனது. மாலை நான்கு மணிக்கு மேல் கப்பலே வெடித்தது. இறந்த நூற்றுக்கணக்கானோரில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புத் தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சித்திரைப் பிறப்பின் விடுமுறையில் அது பலர் நினைவுக்கு வருவதில்லை.

வாளிக்கு அடுத்து வந்தது சிலிண்டர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். அங்கே அதன் பெயர் 'எக்ஸ்தேங்க்தர்', அதாவது அணைப்பான். கோவைக்கு வந்த பிறகுதான் இது அந்நாட்டுச் சரக்கே என்று தெரிந்துகொண்டேன். 1866ல் பிரான்சுவா கார்லியே என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அமிலம் கலந்தால் வாயு பொங்கும். அந்த வாயுவே தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும். சோடா ஆசிட் வகை என்று நம் அலுவலகங்களிலும் வெகுகாலம் இருந்தது. இப்போது வழக்கொழிந்து, பவுடரும் கார்பன் டை ஆக்சைடும் வந்துவிட்டன.

கூரையிலிருந்து தானாகவே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர் அமெரிக்காவில் பிறந்தது. 1874ல் ஹென்றி பார்மலி தன் பியானோ தொழிற்சாலையைக் காக்க அதைப் பொருத்தினார். பிரெடரிக் கிரின்னெல் அதைச் செம்மைப்படுத்தினார். அது வேர்விட்டது இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில்தான். பஞ்சு இருக்கும் இடத்தில்தானே பயமும் இருக்கும்! இப்போது மால்களின் கூரையில் தெரியும் சிறிய சிவப்புக் கண்ணாடிக் குமிழ் சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். சினிமாவில் காட்டுவது போல எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டாது. சூடேறிய குமிழ் மட்டுமே உடையும்.

கருவிகள் இப்படி வளர்ந்தன. மனித சுபாவம் வளர்ந்ததா?

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் போட்ட பூட்டு அது.

நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் படித்தால் இதன் அருமை தெரியும். வெளியேறும் வழி பற்றி அது விரிவாகப் பேசியது. உள்ளே ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி எச்சரிக்கை ஒலி வேண்டும். ஆக, கதவும் மணியும்கூடத் தீயணைப்புக் கருவிகள்தான்.

அரசு அலுவலகங்களிலும் இதே திருட்டுப் பயத்தை நான் பார்த்திருக்கிறேன். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் தீயணைப்பான்கள் பண்டக அறையில் பூட்டப்பட்டிருந்தன. காணாமல் போனால் பொறுப்பாளர் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் அல்லவா? ஒருநாள் மதியம் மின்பெட்டியில் புகை வந்தபோது சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். பியூன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததால் பிழைத்தோம். மாதக் கடைசியில் ஸ்டாக் ரிஜிஸ்டர் வழக்கம்போல் சரியாக இருந்தது. நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது. 'தீயணைப்பான் - 4' என்று எழுதினால் நெருப்பு அணைந்துவிடாது.

காகிதமும் பஞ்சைப் போலத்தான். 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறைக் காலத்தில், சென்னை எழிலகம் வளாகத்தின் கலச மகாலில் தீப்பற்றியது. ஆற்காடு நவாபின் பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனை அது. பல ஆண்டுக் கோப்புகள் சாம்பலாயின. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையாகக் காயமடைந்தார். கோப்புகளோடு வாழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி சொந்த வீட்டுத் துக்கம் போல இருந்தது.

விசைத்தறிக் கூடமோ, பனியன் கம்பெனியோ, ஆடிட்டர் ஆபீசோ, நாளை வேலைக்குப் போனதும் இவற்றைப் பாருங்கள். சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில், பூட்டில்லாமல் இருக்கிறதா? முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள் இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, எண்ணெய்த் தீயிலும் கூடாது என்று எல்லோருக்கும் தெரியுமா? பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும்; ஒரு முறையாவது செய்து பார்த்தவர் உங்களில் யார்? பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு "சூப்பர்வைசர்கிட்ட இருக்குதுங்க" என்று பதில் வந்தால், முதலில் அந்தப் பூட்டைக் கழற்றச் சொல்லுங்கள். சிலிண்டர் வாங்குவதைப் பிறகு பேசலாம். தீயணைப்பு நிலைய எண் 101.